ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ கடலில் டைவ் செய்ய எந்த ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) போதுமா?

ஆழித்தேரன்: “உப்புத் தண்ணீர் உறையாது, ஸ்காப்பா ஃப்ளோவில் எந்த ரெகுலேட்டரும் போதும்” என்று கடலோடி நேற்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மார்ச்சில் அங்கே தண்ணீர் 6 டிகிரி. 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று முத்திரை குத்திய ரெகுலேட்டரோடு, அங்கே மூழ்கிக் கிடக்கும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மார்க்கிராஃபுக்கு இறங்கச் சொல்கிறீர்களா? அடித்தரை 45 மீட்டர் ஐயா.

கடலோடி: 6 டிகிரியில் ஐஸ் எங்கிருந்து வரும்? கடல்நீர் உறைய மைனஸ் 1.9 வேண்டும். பள்ளிக்கூடப் பாடம்.

ஆழித்தேரன்: உறைவது கடல் இல்லை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். 200 பார் அழுத்தக் காற்று அங்கே சட்டென்று விரிந்து பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே குளிர்கிறது. சீல் இல்லாத பிஸ்டன் மாடலில் ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கட்டிபட்டு, பிஸ்டனைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். பிறகு வாயில் காற்று கொட்டோ கொட்டென்று கொட்டும். வாயில் கடிக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜில் தேங்குவது உங்கள் மூச்சின் ஈரம். அதில் ஏது உப்பு?

நெய்தல்மகள்: ஆழம் கூடினால் இன்னும் மோசம். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 38 மீட்டரில் 96 லிட்டர் இழுப்பார். ட்ரைசூட்டுக்கு, அதாவது உள்ளே நீர் புகாத டைவிங் உடைக்கு, சின்னச் சின்னதாகத்தான் காற்று விடணும், மூச்சு இழுக்கும்போது விடவே கூடாது.

கடலோடி: செப்டம்பரில் 13 டிகிரி. அப்போது யாருக்கு உறைந்தது? போரில் மூழ்கிய கப்பலைப் பார்க்க வருபவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

வங்கக்காற்று: போரில் மூழ்கியதா? 1919 ஜூன் 21, ஜெர்மானியரே தங்கள் கப்பல்களின் வால்வைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். 74 கப்பலில் 52. போரில் மூழ்கியது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக், 1939 அக்டோபர். அதில் டைவ் செய்யவே தடை.

கடலோடி: வரலாற்று வாத்தியார் வந்துவிட்டார்! வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது ஜூன் 28. அதுவரை போர்தான்.

வங்கக்காற்று: சண்டை 1918 நவம்பர் 11-லேயே நின்றது. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஆழித்தேரன்: பேச்சை மாற்றாதீர்கள். 6 டிகிரிக்குப் பதில் எங்கே? ஃப்ரீஃப்ளோ ஆனால், அதாவது காற்று நிற்காமல் கொட்டினால், 12 லிட்டர் ஒற்றை சிலிண்டர் சில நிமிடத்தில் காலி. வேண்டியது ட்வின்செட் என்கிற இரட்டை சிலிண்டர், இரண்டு தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். கொட்டுகிற பக்கத்து வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்செடுக்கணும். படகில் நின்று, காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்திப் பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

நெய்தல்மகள்: வால்வை மூட விரல் வேலை செய்யணுமே அண்ணா. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நீர் புகும் ஈரக் கையுறையில் 6 டிகிரிக்கு விரல் மரத்துப்போகும். நீர் புகாத ட்ரை கையுறை வீண்செலவு என்று போன வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றது நீங்கள்தானே?

ஆழித்தேரன்: அது வேறு பேச்சு.

கடலோடி: செப்டம்பர். 13 டிகிரி.

ஆழித்தேரன்: மார்ச். 6 டிகிரி. “எந்த ரெகுலேட்டரும்” என்று நேற்று எழுதும்போது செப்டம்பர் எங்கே போயிருந்தது?