சிறுவர்களுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

தக்கலை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சென்ற முறை ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையை வாசித்தோம். ஒரு நல்ல மனிதர் ஒரு தாளில் கையெழுத்திட்டார், அடிமைகள் எல்லாரும் விடுதலை பெற்றார்கள் என்ற அளவில்தான் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், "கையெழுத்துப் போட்டால் போதுமென்றால் நாலு வருஷம் எதற்குச் சண்டை போட்டார்கள்?" என்று கேட்டாள். வரும் வாரங்களில் இதையே விரிவாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மனிதர்களை ஏலம் போட்டதையும் சவுக்கால் அடித்ததையும் இந்த வயதினருக்கு எவ்வளவு சொல்லலாம்? "நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கக்காரன் சண்டை எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு பதில் வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்:

அந்தச் சிறுமியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். தென் மாநிலங்களின் பருத்திச் செல்வம் முழுவதும் அவர்கள் உழைப்பில் நின்றது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்ற லிங்கன் தென் மாநிலங்களின் அடிமை முறையில் கைவைப்பதாகச் சொல்லவில்லை. மேற்கே புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளுக்கு அது பரவக்கூடாது என்று மட்டுமே சொன்னார். அதையே பொறுக்காமல் தென் கரோலினா அந்த டிசம்பரிலேயே பிரிந்தது, பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன, 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையில் பீரங்கி முழங்கியது. பிரிந்த மாநிலங்கள் சில வெளியிட்ட அறிக்கைகளே அடிமை முறையைக் காக்கத்தான் பிரிகிறோம் என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. ஆகவே போருக்கு வேறு காரணம் கற்பிக்கும் நூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

1863 ஜனவரி 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனம் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை விட்டு விலகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகியவற்றின் அடிமைகளை அது தொடவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தமாகத்தான் வந்தது. அதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் நோயால்.

பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்: அந்தப் போரில் அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் ஆலைகள் முடங்கியபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது, பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுக்கும் அந்த விலையேற்றம் வந்தது.

குளச்சல் கடற்கரை:

ஐயா சொன்ன ஆண்டுகளும் காரணங்களும் ஆசிரியர் மனத்தில் இருக்கட்டும்; பிள்ளைகளுக்கு முதலில் ஓர் ஆளைக் காட்டுங்கள். நான் ராபர்ட் ஸ்மால்ஸைச் சொல்வேன். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தென்படையின் 'பிளான்டர்' என்னும் நீராவிக் கப்பலை ஓட்டிய அடிமை அவர். 1862 மே 13 அன்று விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட நேரம் பார்த்து, கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். வழியில் இன்னொரு துறையில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் கேப்டன் ஊதுவதைப் போலவே சங்கு ஊதிச் சைகை கொடுத்துத் தப்பினார். போர் தொடங்கிய அதே சம்டர் கோட்டையையும் இப்படித்தான் கடந்தார். பிறகு கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றி, லிங்கன் அரசின் வடபடையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். எங்கள் கரைப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, எந்த இடத்தில் எத்தனை முறை ஊதினார் என்பதுவரை துருவினார்கள்.

சவுக்கடித் தழும்பேறிய முதுகின் புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. அதை ஐந்தாம் வகுப்புக்குக் காட்ட வேண்டாம். எட்டாம் வகுப்புக்குக் காட்டலாம், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம் நூலகர்:

இத்தனை தூரம் போகிறவர்கள் நம் மாவட்டத்தைத் தாண்டிப் போவது எனக்கு உடன்பாடில்லை. கல்குளமும் விளவங்கோடும் இருந்த திருவிதாங்கூரில் 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சத்து அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் பழைய ஆவணங்களான முதலியார் ஓலைகளில் ஆட்களை விலைக்கு விற்ற ஓலைகள் இருக்கின்றன. மிஷனரிமார் மனுக்கொடுத்தும், ஆங்கிலேயரின் சென்னை அரசு நெருக்கியும், இறுதியில் 1855இல் உத்திரம் திருநாள் மகாராஜா அடிமை முறையை ஒழித்து அறிவித்தார். அங்கே போர் நடந்து ஒழிந்தது, இங்கே அரசரின் அறிவிப்பால் ஒழிந்தது; இரண்டு இடத்திலும் விடுதலை பெற்றவர்கள் பெரும்பாலும் அதே வயலில் அதே முதலாளியிடம் வேலை செய்தார்கள். அதற்குப் பிறகும் இங்கே பொதுவழியும் பள்ளிக்கூடமும் திறக்கக் காலம் பிடித்தது. கோயில் நுழைவு 1936இல்தான் வந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் வட்டத்தில் அடிமைகளின் வழிவந்த பிள்ளையும் உடைமையாளர் வழிவந்த பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கலாம். "உங்கள் வீட்டில் யார், என்ன?" என்று யாரையும் கேட்காதீர்கள், பிள்ளைகள் தங்களுக்குள் கேட்கவும் இடம் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்:

நூலகர் சொல்வது சரி. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றே என்று பிள்ளைகள் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தக்கலை வாசகி:

மிக்க நன்றி. முதல் வாரம் ஸ்மால்ஸ், அடுத்து வரைபடத்துடன் போரின் காரணங்கள், அதன்பின் திருவிதாங்கூர் என்று வைத்துக்கொள்கிறேன். முதலியார் ஓலைகளில் ஒன்றைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இன்றைய தமிழில் எளிமையாக எழுதித் தர இங்கே யாராலாவது இயலுமா?