ஆர்.ஏ.எஃப் (தென்னாப்பிரிக்கச் சாலை விபத்து நிதியம்) ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தஞ்சாவூர்_டர்பன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். விஷயம் என் தம்பியுடையது. கோயில் சிற்ப வேலைக்காக ஊரிலிருந்து வந்தவன், வயது 33, வேலை விசா சரியாக இருக்கிறது. 2023 மார்ச்சில் கான்ட்ராக்டருடைய பக்கியில் (சின்ன சரக்கு வண்டி) முன் சீட்டில் உட்கார்ந்து சிமெண்ட் எடுக்கப் போயிருக்கிறான். ஹிக்கின்சன் ஹைவே பக்கம் ஒரு ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னல்) சிவப்பு விழுந்த பிறகும் நிற்காமல் வந்த கார், இவன் பக்கத்துக் கதவிலேயே மோதிவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பத்து மாதம் வேலை இல்லை. இப்போது நடக்கிறான், ஆனால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. சம்மணம் போட்டால் ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. சிற்பிக்கு அதுதானே வேலை?

அட்டர்னி வைத்து ஆர்.ஏ.எஃப்-இல் கிளெய்ம் போட்டோம். இப்போது ஆஃபர் வந்திருக்கிறது. அதில் உள்ளபடி:

இதுவரை இழந்த சம்பளம்: 87,000 ராண்ட்
இனி இழக்கப்போகும் சம்பளம்: 2,40,000 ராண்ட்
பொது நஷ்டஈடு: ஏற்கப்படவில்லை
வருங்கால மருத்துவச் செலவு: உறுதிப் பத்திரம் (பில் வரும்போது நிதியம் கட்டும்), 90%
சீட் பெல்ட் போடாததற்காகக் கழிவு: 10%
கையில் வருவது: 2,94,300 ராண்ட்

அட்டர்னி ஆபீசில் "நல்ல ஆஃபர், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்" என்கிறார்கள். தம்பியோடு தங்கியிருப்பவர்கள் "வெளிநாட்டுக்காரனுக்கு இவ்வளவு கிடைப்பதே பெரிது" என்கிறார்கள். பத்து மாதச் சம்பளம் ஒரு லட்சத்து இருபதாயிரம், அது எப்படி 87 ஆனது? வலிக்கும் வேதனைக்கும் ஒன்றுமே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_மாமா:
தம்பி, வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ஆர்.ஏ.எஃப்-இல் காசே இல்லை. பேப்பரில் தினமும் அதுதான் செய்தி. என் மச்சான் கோர்ட் வரை போய் ஜெயித்து, அந்தப் பணம் கைக்கு வர இன்னும் ஒரு வருஷம் காத்திருந்தான். கையில் இருக்கிற காசுதான் காசு.

கோர்ட்_வாசல்:
மாமா சொல்கிற தாமதம் உண்மைதான். ஆஃபரை ஏற்றுக்கொண்டாலும் பணம் தர 180 நாள் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் தாமதம் ஆகும் என்பதற்காகத் தப்பான பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது. நான் சில வருஷம் ஒரு அட்டர்னி ஆபீசில் ஃபைல் பார்த்தவன், வக்கீல் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் வெளிநாட்டுக்காரர் என்ற பேச்சு. ஆர்.ஏ.எஃப்-க்கான 1996-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம், அடிபட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. நிதியத்துக்குப் பணம் வருவது நாம் ஒவ்வொரு லிட்டருக்கும் பெட்ரோல் பங்கில் கட்டும் வரியிலிருந்து. 2022-இல் ஆர்.ஏ.எஃப் பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் கேட்டு ஒரு விதி கொண்டுவந்தது, 2024 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் தம்பிக்கு விசாவே இருக்கிறது, ஆகவே இந்தக் கவலையை விடுங்கள்.

இரண்டாவது, கீழே போட்டிருக்கும் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரியும் தனி வழக்கு மாதிரி. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது மூன்றாவது வரி.

2008 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளில் வலி, வேதனை, வாழ்க்கையின் சுகம் போனது, இதற்கெல்லாம் சேர்த்துத் தரும் பொது நஷ்டஈடு எல்லாருக்கும் கிடையாது. காயம் "கடுமையானது" என்று ஒரு டாக்டர் ஆர்.ஏ.எஃப் 4 என்ற படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நூல் ஆறாம் பதிப்பின்படி கணக்குப் போட்டு, உடம்பு முழுவதற்குமான இழப்பு 30 சதவீதமாவது வர வேண்டும். நன்றாகச் சேர்ந்துவிட்ட தொடை எலும்புக்கு 30 வருவது கஷ்டம். அங்கேதான் இரண்டாவது வழி. நீண்டகாலத்துக்கான கடுமையான உறுப்புச் செயலிழப்பு, நிரந்தரமான கடுமையான உருக்குலைவு, நீண்டகாலக் கடுமையான மனப் பாதிப்பு, கரு இழப்பு, இந்த நான்கில் ஒன்று இருந்தால் சதவீதமே பார்க்க வேண்டியதில்லை. படிவத்தில் இதற்கான விளக்கப் பகுதியில் அந்த ஆளுடைய வாழ்க்கையையும் வேலையையும் வைத்துத்தான் எழுத வேண்டும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் குத்துக்காலிட முடியாதது சின்ன விஷயம், தரையில் உட்கார்ந்து உளி பிடிக்கிறவருக்கு அப்படி இல்லை.

எனவே உடனே பார்க்க வேண்டியது இரண்டு. தம்பியுடைய ஆர்.ஏ.எஃப் 4 படிவத்தில் அந்த விளக்கப் பகுதி நிரப்பப்பட்டிருக்கிறதா, அல்லது சதவீதத்தோடு முடித்துவிட்டார்களா? பொது நஷ்டஈட்டை மறுத்து நிதியம் அனுப்பிய கடிதத்தின் தேதி என்ன? மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ஆர்.ஏ.எஃப் 5 படிவம் போட்டு, டாக்டர்களைப் பதிவு செய்யும் சுகாதாரத் தொழிலர் மன்றத்தின் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். டாக்டர்கள் அடங்கிய குழு பார்த்து முடிவு சொல்லும். கோர்ட் இதைத் தானாக முடிவு செய்யாது. நிதியமோ அந்தக் குழுவோ காயம் கடுமையானது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தொகை எவ்வளவு என்ற பேச்சு.

மிட்ராண்ட்_கணக்கு:
87,000 எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். 1,20,000-இல் "எதிர்பாராதவை" என்று 5 சதவீதம் குறைப்பார்கள். உடம்பு நன்றாக இருந்தாலும் சில நாள் லீவு, வேலை இல்லாத நாள் என்று போயிருக்கும் அல்லவா, அதற்கு. 1,14,000 ஆகிறது. மீதி 27,000 எங்கே போனது? கான்ட்ராக்டர் முதல் மூன்று மாதம் முக்கால் சம்பளம் கொடுத்தாரா? 12,000-இல் 75 சதவீதம் 9,000, மூன்று மாதத்துக்கு 27,000. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

வருங்காலச் சம்பள வரியைப் பற்றிச் சொல்ல ஆக்சுவரி (இழப்பைக் கணக்குப் போடும் நிபுணர்) அறிக்கை வேண்டும். விபத்து நடக்காதிருந்தால் எவ்வளவு, நடந்ததால் எவ்வளவு என்று அதில் இரண்டு பத்தி இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை சதவீதம் கழித்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

தஞ்சாவூர்_டர்பன்:
ஆமாம், மூன்று மாதம் 9,000 கொடுத்தார். அப்புறம் எதுவும் இல்லை. அட்டர்னி ஆபீசுக்குப் போய் ஃபைல் காப்பி வாங்கி வந்தேன். ஆக்சுவரி அறிக்கையில் இரண்டு பத்தியிலும் ஒரே தொகை, 30,00,000 ராண்ட். முதலாவதில் 15%, இரண்டாவதில் 23% கழித்திருக்கிறார்கள்.

ஆர்.ஏ.எஃப் 4-இல் 22% என்று இருக்கிறது. விளக்கப் பகுதியில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. மறுப்புக் கடிதம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்கிறது! எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மிட்ராண்ட்_கணக்கு:
அப்படியானால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. 30 லட்சத்தில் 15% போனால் 25,50,000. அதே 30 லட்சத்தில் 23% போனால் 23,10,000. வித்தியாசம் 2,40,000. அதாவது உங்கள் தம்பி 65 வயது வரை இதே சிற்ப வேலையை, இதே சம்பளத்துக்குச் செய்வார், கொஞ்சம் ரிஸ்க் மட்டும் அதிகம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

தரையில் உட்கார முடியாதவர் அந்த வேலையில் எத்தனை வருஷம் தாங்குவார்? அதைச் சொல்ல வேண்டியவர் ஆக்சுவரி இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, தூக்கச் சொல்லிப் பார்த்து எழுதுவார். அதை வைத்து இண்டஸ்ட்ரியல் சைக்காலஜிஸ்ட் இனி என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுதுவார். ஆக்சுவரி கடைசியில் வந்து பெருக்கிக் கழிப்பவர், அவ்வளவுதான். இரண்டாவது பத்தியில் சம்பளம் கொஞ்சம் இறங்கினாலும் தொகை எங்கேயோ போய்விடும். சும்மா உதாரணத்துக்கு, காயத்துக்குப் பிந்தைய 30 லட்சம் 25 ஆகிறது என்று வையுங்கள். 23% கழித்தால் 19,25,000. வித்தியாசம் 6,25,000. அந்த இரண்டு அறிக்கையும் ஃபைலில் இருக்கின்றனவா?

ஒரு எச்சரிக்கை. இதைத் தோண்டினால், "விசா முடிந்ததும் இந்தியா போய்விடுவார், அங்கே சம்பளம் குறைவு" என்று நிதியம் எதிர்வாதம் செய்யலாம். விசா எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது, கான்ட்ராக்டர் அடுத்து எந்தக் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் போட்டார், இந்தக் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

வெருலம்_அக்கா:
தம்பி, எல்லாரும் ஆர்.ஏ.எஃப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை நேரத்தில், முதலாளி வண்டியில் அடிபட்டிருக்கிறார், அப்படியானால் கொய்டா (வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம்) என்ன ஆச்சு? என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் விழுந்தபோது நாங்கள் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். முதலாளி விபத்தை ஏழு நாளுக்குள் டபிள்யூ.சி.எல் 2 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் முதலாளி முக்கால் சம்பளம் கொடுத்து, அதைத் தொழிலாளர் இழப்பீட்டு நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் அந்த நிதியே நேராகக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு மூன்று மாதத்தோடு நின்றுபோனதைப் பார்த்தால் படிவம் பாதியில் கிடக்கிறது போலிருக்கிறது. கான்ட்ராக்டரிடம் கிளெய்ம் நம்பர் கேளுங்கள். நம்பர் இல்லை என்றால் படிவமே போகவில்லை. கிளெய்முக்குக் கெடு உண்டு, அதனால் எப்போது போட்டார் என்பதும் முக்கியம்.

அங்கே வாங்குவதை ஆர்.ஏ.எஃப் தன் தொகையில் கழித்துக்கொள்ளும், ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது. ஆனாலும் கேட்டு வையுங்கள்.

கோர்ட்_வாசல்:
அக்கா சொன்னது மிகச் சரி, நான் விட்டுவிட்டேன்.

சீட் பெல்ட் 10 சதவீதம் பற்றி. பயணியாக இருந்தவர் மேல் விபத்துக்கான தவறு எதுவும் இல்லை. ஏதாவது ஒரு டிரைவரிடம் ஒரு சதவீதத் தவறு இருந்தாலே பயணிக்கு நிதியம் முழுசாகத் தர வேண்டும். சீட் பெல்ட் வாதம் வேறு. பெல்ட் போடாததால் காயம் அதிகமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிதியத்துடையது. கதவு உள்ளே நசுங்கி வந்து தொடையை உடைத்தது என்றால் பெல்ட் என்ன செய்திருக்கும்? ஆர்த்தோபீடிக் டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கச் சொல்லுங்கள். இதை விடக்கூடாததற்குக் காரணம், இந்த 10 சதவீதம் உறுதிப் பத்திரத்தையும் கடிக்கிறது. நாளைக்குக் கம்பியை எடுக்கவோ இடுப்பு மூட்டு மாற்றவோ நேர்ந்தால், பில்லில் பத்தில் ஒரு பங்கு தம்பி கையிலிருந்து போகும்.

வெள்ளிக்கிழமை பற்றி. சம்பள இழப்பும் மருத்துவப் பத்திரமும் இப்போது முடித்துக்கொண்டு, பொது நஷ்டஈட்டைத் தனியாகப் பிரித்து ஒத்திவைக்க முடியும், தினமும் நடக்கிறதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது பத்திரத்தின் கடைசிப் பத்தி. "அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் கையெழுத்து வேண்டாம். போட்டுவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவில் ஜெயித்தாலும் பயனில்லை. உங்களுக்கு உண்மையான கெடு அந்த 90 நாள். இரண்டு மாதம் போய்விட்டதால் இந்த வாரமே ஆர்.ஏ.எஃப் 5 போக வேண்டும்.

பீனிக்ஸ்_மாமா:
சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள், அட்டர்னிக்கு எவ்வளவு போகிறது?

தஞ்சாவூர்_டர்பன்:
"இருபத்தைந்து சதவீதம், எல்லாருக்கும் அதுதான்" என்றார்கள் மாமா. அதாவது 73,575.

கோர்ட்_வாசல்:
"எல்லாருக்கும் அதுதான்" என்பது தப்பு. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெயித்தால் மட்டும் கூலி என்ற ஒப்பந்தத்தில் அட்டர்னி தன் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். ஆனால் அது கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டில் எது குறைவோ அதுதான். 25 என்பது கூரை. வழக்கமான கட்டணம் 25,000 என்றால் 50,000-க்கு மேல் கேட்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், மணிக்கணக்குப் பில் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்குச் செலவில் ஒரு பங்கை நிதியம் தனியாகத் தரும், அது யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்றும் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், ஒரு ஈமெயில் போதும்.

தஞ்சாவூர்_டர்பன்:
எல்லாருக்கும் நன்றி. தம்பியும் நானும் சேர்ந்து போனோம். பத்திரத்தின் கடைசிப் பத்தியில் கோர்ட்_வாசல் அண்ணா சொன்ன அதே வரி இருந்தது. பொது நஷ்டஈட்டைப் பிரித்து வைத்து வேறு பத்திரம் கேட்டோம். கட்டண ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்ததும் பேச்சு மாறிவிட்டது. ஆர்.ஏ.எஃப் 5 நேற்றே அனுப்பிவிட்டார்கள், காப்பி கையில் இருக்கிறது. விளக்கப் பகுதியை எழுத வேறு ஆர்த்தோ டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அறிக்கை ஃபைலில் இல்லவே இல்லை. அதை எடுத்த பிறகுதான் 2,40,000 பற்றிப் பேசுவது என்று சொல்லிவிட்டோம். சீட் பெல்ட் பற்றி எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். கான்ட்ராக்டர் மட்டும் போனை எடுக்கவில்லை.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வெருலம்_அக்கா:
எக்ஸ்ரே எல்லாம், ஆஸ்பத்திரி ஃபைல் காப்பி, அப்புறம் தம்பி வேலை செய்கிற போட்டோ, விபத்துக்கு முன்னால் எடுத்தது. தரையில் உட்கார்ந்து செதுக்குகிற மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டாக்டர் கேட்கிற கேள்விக்கு "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். நம்ம ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்கள். கான்ட்ராக்டர் போன் எடுக்காவிட்டால் டர்பனில் லேபர் ஆபீசுக்கு நேராகப் போய் தம்பி பாஸ்போர்ட் நம்பரைக் கொடுத்து, கிளெய்ம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், வரிசை நீளம்.