ஞாயிற்றுக்கிழமை கால்பந்து – பெற்றோர் குழு

கவின் அப்பா: கோச் சார், வணக்கம். 7-1! வியாசர்பாடிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளை வைத்து விளையாடிவிட்டார்கள். தப்பாக நினைக்காதீர்கள், ஒரு கேள்வி. இத்தனை நாளாக நாலுக்கு நாலு என்று கோன் வைத்த சின்னக் கட்டத்துக்குள்ளேயே ஆடவிடுகிறீர்கள். யார் பின்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர், யார் ஓரத்தில் ஓடும் விங், யார் முன்னால் நின்று கோல் போடும் ஃபார்வர்டு என்று எப்போது சொல்லிக் கொடுப்பீர்கள்?

கவின் மாமா: கவினை ஃபார்வர்டாகவே வைத்துவிடலாம் சார். நல்ல உயரம். ஓங்கி அடிக்கிறான்.

நிலா அம்மா: பொசிஷன் விஷயம் எனக்கும் சந்தேகம்தான்.

கோச்: வணக்கம். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பதினொரு பேர் வைத்து ஆடினால் ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர். நாலுக்கு நாலில் எட்டுப் பேர்தான். பந்தே வராமல் காலுக்கு எப்படிப் பழக்கம் வரும்? இங்கிலாந்திலேயே பத்து வயதுக்குள் ஏழு பேர் அணிதான், பன்னிரண்டுக்குள் ஒன்பது பேர். பதினொன்று அதற்கு அப்புறம்தான். இப்போதே கவினை முன்னால் நிறுத்தினால் பந்துக்காகக் காத்து நிற்கத்தான் கற்றுக்கொள்வான்.

கவின் அப்பா: அது சரி சார். ஆனால் ஜெயிக்க வேண்டாமா? வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

ரித்விக் அம்மா: இவன் அழவில்லை. பிரியாணி எங்கே என்று கேட்டான் 😄

கோச்: அந்த அணியில் 7-ஆம் நம்பர் பையனைக் கவனித்தீர்களா? பந்து வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுகிறான். உடம்பைப் பாதி திருப்பி நிற்கிறான். பந்தைக் கிட்டத்துக் காலில் வாங்காமல் உருளவிட்டு, தள்ளியிருக்கும் காலில் வாங்குகிறான். அந்த ஒரே டச்சில் நம் கோலைப் பார்த்துத் திரும்பிவிட்டான். நம் பிள்ளைகள் பந்து வரும் திசையையே பார்த்தபடி நின்று, கிட்டத்துக் காலில் நிறுத்தி, அப்புறம்தான் தலையைத் தூக்குகிறார்கள். அதற்குள் பந்து போய்விடுகிறது. ஏழில் நாலு கோல் இப்படித்தான் விழுந்தது.

பி பிளாக் தாத்தா: அவர்கள் சந்தில் ஆடிப் பழகியவர்கள் அய்யா. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நிறுத்தி வைத்த பைக். நிமிர்ந்து பார்க்காதவன் சைலன்சரில் காலைச் சுட்டுக்கொள்வான்.

கோச்: அதேதான் தாத்தா. அந்தச் சந்தைத்தான் கோன் வைத்துக் கட்டப் பார்க்கிறேன்.

நிலா அம்மா: வீட்டில் பழக்க வழி இருக்கிறதா சார்? மொட்டை மாடி இருக்கிறது.

கோச்: இருக்கிறது. நிலா சுவரில் பந்தை அடிக்கட்டும். நீங்கள் அவளுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்பும்போது விரல்களைக் காட்டுங்கள், இரண்டோ மூன்றோ. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டுப் பந்தை வாங்க வேண்டும். ஒரு தடவை வலது கால், ஒரு தடவை இடது. பத்து நிமிடம் போதும். முதலில் பந்து மாடிப்படியில் உருண்டு போகும், திட்டாதீர்கள்.

நிலா அம்மா: கீழ் வீட்டுக்காரர்தான் திட்டுவார். சரி, பார்க்கிறேன். தலையால் பந்தை முட்டும் ஹெட்டிங் எப்போது ஆரம்பிப்பீர்கள்?

கோச்: இப்போது கிடையாது. அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெட்டிங்கே கூடாது. ஸ்காட்லாந்தில் 2020-லேயே பன்னிரண்டுக்கு உட்பட்டவர்களின் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நமக்கு மட்டும் என்ன அவசரம்.

கோச்: அப்புறம் இன்னொன்று, கோபப்படக் கூடாது. இரண்டாம் பாதியில் நிலாவிடம் பந்து வந்தபோது திரும்ப நல்ல இடம் இருந்தது. திரும்பத்தான் பார்த்தாள். கோட்டுக்கு வெளியிலிருந்து நாலு குரல் "தூக்கி அடி, தூக்கி அடி" என்றது. அடித்துவிட்டாள். பந்து நேராக அந்த 7-ஆம் நம்பர் காலுக்குப் போனது. மீதி உங்களுக்கே தெரியும்.

கவின் மாமா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

ரித்விக் அம்மா: நாலு குரலில் பெரிய குரல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும் அண்ணா 😄

கவின் மாமா: ஆர்வத்தில் வந்துவிடுகிறதும்மா. வாயைக் கட்டிக்கொண்டா நிற்பது?

கோச்: கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடி, விடு, ஓடு மட்டும் வேண்டாம்.

ரித்விக் அம்மா: சார், ரித்விக் எல்லாரையும் விடச் சின்னவன். பெரிய பையன் மோத வந்தால் ஒதுங்கிவிடுகிறான். ஒரு வருடம் கழித்துச் சேர்க்கட்டுமா?

கோச்: வேண்டவே வேண்டாம். அவன் டிசம்பர் பிள்ளை. வயதுப் பிரிவு ஜனவரி 1 கணக்கு என்பதால், அதே பிரிவில் அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனும் ஆடுவான். உலகம் முழுக்க அகாடமிகளில் இந்தக் கணக்குத் தொடங்கும் தேதிக்குப் பின் முதல் சில மாதங்களில் பிறந்த பிள்ளைகள்தான் அதிகம் தேர்வாகிறார்கள். வளர்ந்த உடம்பைப் பார்த்துத் திறமை என்று எடுத்துவிடுகிறார்கள். ரித்விக் மோத முடியாததால் பந்தைச் சீக்கிரம் பாஸ் கொடுத்துவிடுகிறான், இடம் பார்த்து நிற்கிறான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே கண்டுபிடித்தது. கவின் விஷயம் நேர்மாறு. இப்போது உயரத்தால் ஜெயிக்கிறான். பதினான்கு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டால் என்ன செய்வான்? அதனால்தான் அவனை நடுவில் ஆடவைத்து இடது காலால் பாஸ் கொடுக்கச் சொல்கிறேன்.

கவின் அப்பா: புரிகிறது சார். ஆனாலும் கோல் போட்டால்தானே பையனுக்கு ஒரு இது.

பி பிளாக் தாத்தா: அதிலும் நியாயம் இருக்கிறது கோச். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ், நம் தஞ்சாவூர்க்காரர். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அந்த ஆட்டம் 3-1 என்று தோற்றதுதான். கோல் போட்டவர் பெயர் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

கோச்: தாத்தா, நீங்கள் யார் பக்கம்?

பி பிளாக் தாத்தா: நான் சும்மா சொன்னேன்.

கோச்: சரி, ஒரு ஏற்பாடு. கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லாரும் முறை வைத்து ஃபார்வர்டாக ஆடட்டும். ரித்விக்கும்தான். கவின் அப்பா, நீங்கள் வாங்கி வந்த பந்து 5-ஆம் நம்பர், பெரியவர்களுக்கானது. கடையில் கொடுத்து 4-ஆம் நம்பராக மாற்றிவிடுங்கள்.

கவின் அப்பா: பில்லைத் தொலைத்துவிட்டேன் சார்.

கவின் மாமா: கொண்டு வாருங்கள் மச்சான். பிள்ளைகள் ஆடி முடித்ததும் நாம் ஆடலாம். தாத்தா ரெஃப்ரி.

நிலா அம்மா: "தூக்கி அடி" என்று நாங்கள் வெளியிலிருந்து கத்துகிறோம் 😄