ஈஸ்ட் ஹாமில் என் ராலே ட்வென்டி

பழைய மடக்கு சைக்கிள் வாங்கலாமா, தினமும் ஓட்ட முடியுமா என்று கேட்டவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ராலே ட்வென்டி, மடக்குகிற மாடல். ஊரில் அப்பா ஓட்டியது பெரிய ராலே. அந்தப் பாசம் விடவில்லை, லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதைப் பார்த்ததும் 40 பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் (அச்சைச் சுற்றிச் சுழலும் உருளை) இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் அதைச் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் பெயரும் 74 என்ற எண்ணும் தெரிந்தன. ஹப் செய்த வருடம் அது. ராலேயின் ஊரான நாட்டிங்ஹாமில் 1968-ல் ட்வென்டி வந்து, 1971-ல் மடக்கு மாடல் வந்தது. அப்படியென்றால் என் வண்டி கொஞ்சம் பிந்தியது.

ரயிலில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிள் மூன்றாக மடிந்து கைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். இதற்கு நடுவில் ஒரே ஒரு கீல்தான், இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், எடையும் சுமார் 16 கிலோ. நான் இரண்டு நாள் முயன்று பார்த்தேன், படிக்கட்டில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சின்ன ஃப்ளாட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கத்தான் அந்த மடிப்பு. ராத்திரி தெருவில் விடவேண்டாம், எனக்கு அதுவே போதும்.

டயர் விஷயத்தில் நான் பணத்தை வீணாக்கினேன். 20 இன்ச் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், மாட்டினால் சின்னதாக இருந்து ரிம்மில் ஏறவே இல்லை. அதே 20 இன்ச்சில் 406 என்றும் 451 என்றும் இரண்டு அளவு இருக்கிறது, டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். இங்கிலாந்தில் விற்ற ட்வென்டிக்கு 451 வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் மழை. ரிம் இரும்பு. நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். சிக்னலில் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழ தூரத்தில்தான் நின்றேன், அன்று கை நடுங்கியது வெகுநேரம் அடங்கவில்லை. பின்னால் புது அலுமினிய ரிம் போட்டு, பழைய ஹப்பையே அதில் கோர்த்து வாங்கினேன். வண்டி விலையைவிட அந்த வேலைக்குத்தான் அதிகம் செலவானது, ஆனால் முதலில் செய்யவேண்டியதே அதுதான். முன் ரிம்மையும் மாற்றப்போகிறேன்.

கியர் மூன்று, எல்லாம் அந்தப் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருநாள் பாலம் ஏறும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் சட்டென்று வெறுமனே சுற்றியது, பிடி விட்டுப்போய் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. ஹப்பில் குற்றமில்லை, கேபிள் தளர்ந்திருந்தது. இரண்டாவது கியரில் வைத்து, அச்சின் நுனியில் உள்ள துளை வழியாகப் பார்த்தால் சின்னச் சங்கிலி ஒரு கம்பியில் முடிவது தெரியும். அந்தக் கம்பியின் தோள் அச்சு நுனிக்குச் சமமாக இருக்கும்படி கேபிளை முறுக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. மாதம் ஒருமுறை ஹப்பின் எண்ணெய் மூடியைத் திறந்து நாலு சொட்டு விடுகிறேன். ஐம்பது வருடம் ஆன பல்சக்கரங்கள், இன்றும் டிக் டிக்கென்று ஓடுகின்றன.

வேலைக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை கிரீன்வே பாதையில் போகிறேன். விக்டோரியா காலத்துக் கழிவுநீர்க் குழாய்களுக்கு மேலே போட்ட பாதை அது, கார் கிடையாது. சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடைக்குப் போவேன். பின் கேரியரில் 10 கிலோ அரிசி மூட்டை, அதற்கு மேல் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும், ரப்பர் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவேன். சக்கரம் சின்னது என்பதால் பாரம் தாழ்வாக இருக்கிறது, வண்டி ஆடுவதே இல்லை. கால் உயர்த்தாமல் ஏறிக்கொள்ளலாம், புடவையோடு என் மாமியாரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

வாங்கப் போகிறவர்கள் கீல் பக்கத்தில் பெயின்டைச் சுரண்டி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.