புதுப்பிப்பு: உக்குலேலேயில் கோர்ட் மாற்றம் ஒருவழியாக வருகிறது

மூன்று கிழமைக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: உக்குலேலே என்ற நாலு கம்பிச் சின்னக் கிட்டாரில், எஃப் கோர்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கான விரல் பிடி) இருந்து ஜி கோர்டுக்கு விரல் போய்ச் சேருவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது என்று. "எல்லா விரலையும் தூக்காதீங்க தம்பி, எது அப்படியே இருக்கலாம் என்று பாருங்க" என்று ஒரு அக்கா பதில் போட்டிருந்தா. அதுதான் கைகொடுத்தது.

ஜியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் ஜி7 கோர்டை எடுத்தேன். கம்பிகளுக்கும் ஜி, சி, ஈ, ஏ என்றுதான் பெயர். எஃப் பிடிக்கும்போது ஆட்காட்டி விரல் ஈ கம்பியின் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கோடு) இருக்கும். ஜி7க்கும் அது அதே இடம்தான். நடுவிரல் ஜி கம்பியிலிருந்து பக்கத்துச் சி கம்பிக்கு, அதே இரண்டாம் ஃபிரெட்டில் நகரும். மோதிர விரல் ஏ கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் வந்து உட்காரும். அங்கிருந்து சி கோர்டுக்கு மோதிர விரலை ஒரு ஃபிரெட் சறுக்கிவிட்டு மற்ற இரண்டையும் எடுத்தால் சரி. இவ்வளவு நாளும் மூன்று விரலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்!

பின்னேரம் மட்டக்களப்பு கல்லடி வாவிக்கரையில் இருந்து ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுகிறேன். முதல் நாள் 11 மாற்றம், நேற்று 34. வாவியில் மீன் பாடும் என்பார்கள், நான் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அதுவும் கேட்கவில்லை.

மற்றது, சுருதி இறங்குகிறது என்று கடையைத் திட்டியிருந்தேன். புது நைலான் கம்பி இழுபட்டு நிற்கச் சில நாள் எடுக்குமாம். இப்போது நிற்கிறது. ஜி கோர்ட்தான் இன்னும் வரவில்லை.