பழைய ஸ்டூடன்ட் ஃபோல்டருக்கு புது ஸ்டூடன்ட் ஓனரா காட்டுது, யாராவது உள்ள பூந்துட்டாங்களா?

லேப்_கவனிப்பு:
எங்க லேப்ல ஒரு உபுண்டு 22.04 லினக்ஸ் சர்வர், பசங்க எல்லாரும் எஸ்எஸ்ஹெச்ல, அதாவது நெட்வொர்க் வழியா லாகின் பண்ணி வருவாங்க. ஃபைனல் இயர் முடிச்சு போனவங்க அக்கவுன்ட்ட எல்லாம் டெல்யூசர் கமாண்ட் போட்டு எடுத்துட்டேன், ப்ராஜெக்ட் ஃபைல் கேட்டு யாராவது வருவாங்கன்னு ஹோம் ஃபோல்டர மட்டும் தொடல. இந்த வருஷ பசங்களுக்கு ஆட்யூசர் கமாண்ட்ல புது அக்கவுன்ட் போட்டேன். நேத்து ஒரு பொண்ணு வந்து சார் சீனியர் ஃபோல்டர் எனக்கு ஓப்பன் ஆகுது, சேவ் கூட ஆகுதுன்னு பயந்துபோய் சொல்லுது. ஓனர் பேர காட்டற எல்எஸ் -எல் அடிச்சா அந்த சீனியர் பையன் ஃபோல்டருக்கு நேரா இவ பேரு நிக்குது. ஓனர மாத்தற சௌன் கமாண்ட் எதுவும் நான் போடவே இல்ல. ராத்திரி தூக்கமே வரல.

பழைய_டெர்மினல்:
யாரும் பூரல சார், நிம்மதியா இருங்க. டிஸ்க்ல ஓனர் பேரு எழுதறதே இல்ல, நம்பர்தான் எழுதுது. அக்கவுன்ட் பட்டியல் இருக்கற பாஸ்வட் ஃபைல்ல ஒவ்வொரு வரிலயும் மூணாவதா இருக்கே, அந்த நம்பர். எல்எஸ் -எல்என் அடிச்சு பாருங்க, பேருக்கு பதிலா 1012ன்னு ஏதாவது வரும், அது அந்தப் பையன் நம்பரா இருந்தது. நீங்க அவன எடுத்ததும் காலியாச்சு, ஆட்யூசர் 1000ல இருந்து காலியா இருக்கற முதல் நம்பர எடுத்து கொடுக்கும், இவளுக்கு அது விழுந்துடுச்சு. அவ்ளோதான்.

சர்வர்_தம்பி:
அக்கவுன்ட்ட மாத்தற யூசர்மாட் கமாண்ட்ல -யு போட்டு அந்தப் பொண்ணுக்கு 3012 மாதிரி வேற நம்பர் குடுங்க சார். அவங்க ஹோம்ல இருக்கற ஃபைல் எல்லாம் தானா புது நம்பருக்கு மாறிடும், வெளிய இருக்கறத நீங்கதான் மாத்தணும். லாகின்ல இருந்தா கமாண்ட் ஓடாது, வெளிய வரச்சொல்லிட்டு போடுங்க.

லேப்_கவனிப்பு:
ரொம்ப நன்றி, நம்பர் 1012தான் வந்துச்சு. மாத்திட்டேன், இப்ப சேவ் ஆகல, ஆனா ஃபோல்டர் இன்னும் ஓப்பன் ஆகி படிக்க வருதே?

பழைய_டெர்மினல்:
அது க்ரூப்பு. க்ரூப்புக்கும் தனி நம்பர், அதுவும் இதே மாதிரி அந்தப் பொண்ணுக்கே விழுந்திருக்கு. 22.04ல ஹோம் 750ங்கற பர்மிஷன்ல உருவாகும், க்ரூப்புல இருக்கறவங்க படிக்கலாம். ஒவ்வொருத்தருக்கா நம்பர் மாத்திட்டு இருக்காம பழைய ஃபோல்டர் எல்லாத்தையும் ரூட், அதாவது அட்மின் பேருக்கு சௌன் பண்ணி, ஓனர் மட்டும் பாக்கற மாதிரி 700 பர்மிஷன் போட்டுடுங்க. அப்புறம் ஹோமுக்கு வெளிய ஃபைன்ட் -நோயூசர் ஓட்டுங்க, ஆளில்லாத நம்பர்ல கிடக்கற ஃபைல் வரும். நம்பர் ஏற்கனவே வேற ஆளுக்கு போயிருந்தா இதுல மாட்டாது, அதுக்கு தேதிய பாத்துதான் பிரிக்கணும்.

அடுத்த வருஷம் தயவுசெஞ்சு அக்கவுன்ட்ட அழிக்காதீங்க சார், பூட்டி வைங்க, நம்பர் அவங்ககிட்டயே இருக்கும். ஆனா யூசர்மாட்ல பெரிய எல் போட்டா பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டும், பாஸ்வேர்டுக்கு பதிலா எஸ்எஸ்ஹெச் கீ ஃபைல் வச்சிருக்கற பையன் ஜம்முன்னு உள்ள வந்துடுவான். கூடவே -ஈ 1 போட்டு அக்கவுன்ட்டயே காலாவதி ஆக்கிடணும்.

லேப்_கவனிப்பு:
எல்லா ஃபோல்டரும் ரூட் பேருக்கு போயாச்சு. அந்தப் பொண்ண கூப்பிட்டு அவ முன்னாடியே ஓப்பன் பண்ண சொன்னேன், பர்மிஷன் டினைட் வந்துச்சு. ஹோமுக்கு வெளிய எஸ்ஆர்வின்னு இருக்கற ஃபோல்டர்ல ஆளில்லாம நிறைய ப்ராஜெக்ட் ஃபைல் கிடக்கு, தேதி பாத்து பிரிச்சிட்டு இருக்கேன்.