ஊர்ப் பையன்களைத் தொழில் தொடங்கச் சொல்லலாமா?

பேரையூர் வாத்தியார்:
பொங்கலுக்கு வெளியூர்ப் பையன்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். மந்தையில் உட்காரவைத்து, சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லி ஒரு கூட்டம் போடலாம் என்று இருக்கிறேன். டிப்ளமோ முடித்தவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான், டிகிரி முடித்தவன் மதுரையில் டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் கிடக்கிறான். இங்கே நிலக்கடலை இருக்கிறது, மல்லிகை இருக்கிறது, அரசு மானியமும் இருக்கிறது. துணிச்சல்தான் இல்லை. என்ன சொல்கிறீர்கள்?

செக்கு மூடியவன்:
ஐயா, துணிச்சல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டி.கல்லுப்பட்டிப் பக்கம் வாகைமரச் செக்குப் போட்டு மூன்றாம் வருடம் மூடியவன் நான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நான் கிலோ 110க்கு வாங்கினேன், அதுவே 275. புண்ணாக்கில் 50 திரும்பி வரும். கரண்ட், கூலி, பாட்டில் எல்லாம் சேர்த்தால் அடக்கம் 265. விற்றது 300க்கு. லாபம்தானே? காகிதத்தில் லாபம்தான். பருப்புக்காரருக்குக் கையில் காசு வைக்க வேண்டும். எண்ணெய் எடுத்த மளிகைக்கடைக்காரரோ, "அடுத்த தடவை சேர்த்துத் தர்றேன் தம்பி" என்பார். சொந்தக்காரர்கள் மாமன் மச்சான் முறை சொல்லி நோட்டில் எழுதச் சொல்வார்கள். மூடிய அன்று நோட்டில் நின்ற பாக்கி 1,40,000.

வாடிப்பட்டி அக்கா:
தம்பி, கடன் கொடுத்தது உங்கள் தப்பு. எங்கள் குழுவில் சத்துமாவு போடுகிறோம். முதல் நாளே 'கடன் இல்லை' என்று எழுதி ஒட்டினோம். என் நாத்தனாரே இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் காசோடு வந்தார். முதல் வருடம் மெஷினே வாங்கவில்லை, வாடகை மில்லில்தான் அரைத்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது வருடம் 100 ரூபாய்தான். மதுரையில் இரண்டு ஹாஸ்டல் மாதாமாதம் எடுக்கிறது என்று உறுதியான பிறகுதான் கடன் போட்டோம்.

செக்கு மூடியவன்:
அக்கா, அந்த ஒரு வருடம் வீட்டில் உலை வைத்தது யார் சம்பளத்தில்?

வாடிப்பட்டி அக்கா:
அவர் பஸ் கண்டக்டர். மறைக்க என்ன இருக்கிறது?

செக்கு மூடியவன்:
அதைத்தான் சொல்கிறேன். என் வீட்டில் கண்டக்டர் இல்லை.

உசிலை பூக்காரன்:
வாத்தியார் மல்லிகையைச் சொன்னதால் ஒரு வார்த்தை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் விலை மாட்டுத்தாவணியில் அன்றன்றைக்கு விழுவதுதான். மார்கழிப் பனியில் கிலோ 3,000 போகும்போது செடியில் பூ இருக்காது. கோடையில் பூ கொட்டும்போது சென்ட் கம்பெனி கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன்:
மானியத்தை வாத்தியார் ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் நான் கடன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கிராமத்தில் பொதுப்பிரிவுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தாருக்கு 35 சதவீதம். அந்தப் பணம் பையன் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை, அவ்வளவுதான். நிலம் வாங்குகிற செலவையும் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. என் மேஜைக்கு வந்த பையன்கள் எல்லாரும் மானியம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். சரக்கை யார் வாங்குவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

பேரையூர் வாத்தியார்:
சரி, அப்படியானால் எல்லாரும் திருப்பூருக்கே போகட்டும் என்கிறீர்களா? ஊரில் கிழவர்களும் பூட்டிய வீடுகளும்தான் மிஞ்சும்.

செக்கு மூடியவன்:
போகட்டும் ஐயா. இரண்டு வருடம் இன்னொருத்தர் கடையில் நின்று வசூல் பண்ணக் கற்றுக்கொண்டு வரட்டும். நான் அதைப் படிக்காமல் செக்கு வாங்கினேன்.

வாடிப்பட்டி அக்கா:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன பையன் திரும்புவதில்லை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலேயே வேளாண் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மையம் இருக்கிறது. கூட்டம் போடுகிற செலவுக்கு ஒரு வேன் பிடித்துப் பையன்களை அங்கே கூட்டிப்போகலாம்.

பேரையூர் வாத்தியார்:
வேன் யோசனை நல்லது. ஆனாலும் கூட்டம் உண்டு, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. செக்குத் தம்பி, நீங்கள் வந்து பேசுங்கள். அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள்.

செக்கு மூடியவன்:
வருகிறேன் ஐயா, மாலை கீலை வேண்டாம். நோட்டில் உங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அந்தப் பக்கத்துக்கு மட்டும் கிளிப் போட்டுவிடுகிறேன்.